கம்பெனி பஸ் ஏறும் பிள்ளைகள்

மலேசியாவில் படிவம் ஐந்தின் முடிவில் எழுதுகிற எஸ்.பி.எம். தேர்வின் கடைசித் தாளை எழுதிவிட்டு வந்த கையோடு எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் நிறையப் பேர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். கெடா மாநிலத்துப் பீடோங்கிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் இது ஒன்றும் புதுசு இல்லை. கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டை 1996இல் திறந்தது, அந்தப் பக்கம் ஆள் எடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். சுங்கை பட்டாணியிலும் கம்பெனிகள் உண்டு, பாலம் தாண்டினால் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ். காலையில் இருட்டோடு இருட்டாகக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற முகங்களைப் பார்த்தால், கொஞ்ச நாளைக்கு முன்புவரை இதே இடத்தில் பள்ளிச் சீருடையில் நின்றவர்கள்தானே என்று தோன்றும். இவர்கள் இந்த மாதங்களை எப்படிக் கழிக்க வேண்டும் என்பதைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாகவே ஓர் அபிப்பிராயம் உண்டு. முழுசாக உட்கார்ந்து எழுத வைத்தது ஒரு வாட்ஸ்அப் செய்தி.

அமெரிக்காவில் படிக்கிற பிள்ளைகள் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதற்கு முந்தைய கோடை விடுமுறையை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று யாரோ ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சுருக்கி ஊர்க் குழுக்களில் விட்டிருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்குச் சேருங்கள், கோடிங் படியுங்கள், பல்கலைக்கழக வளாகத்திலேயே தங்கிப் படிக்கும் முகாமுக்குப் போங்கள், தொண்டு செய்யுங்கள், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள் என்று வரிசையாகப் போகிறது. நான் பட்டணத்தில் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். நகல், பைண்டிங், பாஸ்போர்ட் படம், அதோடு ஆன்லைன் பாரம் நிரப்பிக் கொடுக்கிற வேலை. அதனால் இந்தச் செய்தியைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம்தான் வருகிறார்கள். “தங்கச்சி, நம்ம புள்ளைங்களும் இதெல்லாம் செய்யணுமா? பெக்டரிக்குப் போறது தப்பா?” என்று ஒரு தாய் கேட்டார். அவர் கேட்ட விதத்தில் ஒரு பயம் இருந்தது. தன் பிள்ளை சம்பாதிக்கப் போனதால் ஏதோ பெரிய வாய்ப்பு நழுவிப்போய்விட்டதோ என்கிற பயம். அந்தப் பயத்தை யாரும் அவருக்குக் கொடுத்திருக்கக் கூடாது.

அந்தச் செய்தியில் இருப்பது அங்கே சரி. அமெரிக்காவில் பதினொன்றாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் நடுவில் வருகிற கோடைதான் அவர்களுக்கு முக்கியம். காமன் ஆப் என்கிற பொது விண்ணப்பம் ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1ஆம் தேதி திறக்கும், முந்திக்கொண்டு விண்ணப்பிப்பவர்களுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி நாள். அதில் கட்டுரை எழுத வேண்டும், பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய் என்று பத்து நடவடிக்கைகள் வரை பட்டியல் போடலாம். சுருக்கிய புண்ணியவான் விட்டுவிட்ட ஒன்று இங்கேதான் இருக்கிறது. அந்தப் பட்டியலில் சம்பளத்துக்குச் செய்த வேலை என்று ஒரு வகை உண்டு, குடும்பப் பொறுப்பு என்றே தனியாக இன்னொரு வகையும் உண்டு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்ட பிள்ளை, பாட்டியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போன பிள்ளை, கடையில் நின்ற பிள்ளை எல்லாம் அதை எழுதலாம். ஆயிரக்கணக்கான டாலர் கட்டிப் போகிற முகாமும், குடும்பத்துக்காகச் செய்த வேலையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் வரும். எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த தமிழ்ச் சுருக்கத்தில் முகாம் மட்டும் வந்தது, வேலை வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது அதில்தான்.

நம் காலண்டர் வேறு

நமக்குக் கோடையும் இல்லை, கட்டுரையும் இல்லை. பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு யுபியு என்கிற அரசாங்கப் பொது விண்ணப்பம் வழியாகப் போகிற பிள்ளைக்குத் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு என்று கணக்குப் போட்டுத்தான் இடம். அந்தப் பத்தும் பள்ளியிலேயே முடிந்துபோன கணக்கு. சாரணர் இயக்கத்தில் என்ன பதவி, ஓட்டப்பந்தயத்தில் எந்த நிலை என்பதெல்லாம் படிவம் ஐந்தோடு எழுதி மூடியாகிவிட்டது. தேர்வு முடிந்த பிறகு நீங்கள் எந்த முகாமுக்குப் போனாலும் அந்த எண்ணிக்கை நகராது. அதனால், “நேரத்தை வீணாக்காதே, ஏதாவது கோர்ஸ் போ” என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த வாசலுக்காக என்பதுதான். வாசலே தெரியாமல் ஒரு சான்றிதழுக்குப் பணம் கட்டுவதைவிட, கம்பெனியில் நின்று சம்பாதிப்பது எவ்வளவோ மேல்.

ஆனால் இந்த இடைவெளி பெரிசு. என் காலத்தில் நவம்பர், டிசம்பரில் தேர்வு, மார்ச்சில் முடிவு. கோவிட்டுக்குப் பிறகு எல்லாம் தள்ளிப்போனது. 2022ஆம் ஆண்டுத் தேர்வின் முடிவு 2023 ஜூன் 8ஆம் தேதி வந்தது, அடுத்தது 2024 மே 27, அதற்கடுத்தது 2025 ஏப்ரல் 24. கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்கு வருகிறது என்றாலும் மாதக் கணக்கில் ஒரு பிள்ளை பள்ளி மாணவனாகவும் இல்லாமல் கல்லூரி மாணவனாகவும் இல்லாமல் நிற்கிறது. 2004இல் தொடங்கிய தேசிய சேவைப் பயிற்சி நடந்துகொண்டிருந்த காலத்தில் பெயர் வந்தவர்களுக்கு அதில் மூன்று மாதம் போய்விடும். அந்த மூன்று மாதத் திட்டம் 2018இல் நின்றது. இப்போது அந்த இடத்தைக் கம்பெனி நிரப்புகிறது.

நிரப்பட்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, சேர்ந்தால் இரண்டாயிரத்தைத் தாண்டும். செம்பனைக் குலை வெட்டுகிற அப்பாவும் களைக்கொல்லி அடிக்கிற அம்மாவும் இருக்கிற வீட்டில் அந்த இரண்டாயிரம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதன் ரசீதுகளை நான்தான் நகல் எடுக்கிறேன். கார் லைசென்ஸுக்குக் கட்டுவார்கள், தம்பிக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்குவார்கள், பழைய மின் பாக்கி தீரும். ஈ.பி.எஃப். சேமநிதிக் கணக்கு முதன்முதலாகத் தொடங்கும். பதினேழு வயதில் தன் பெயரில் ஒரு சம்பளச் சிலிப்பைப் பார்க்கிற பிள்ளையின் முதுகு நிமிர்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். “பணத்தைக் கண்டா படிப்பு ஏறாது” என்று பெரியவர்கள் சிலர் எடுத்த எடுப்பில் சொல்வதை நான் ஏற்கவில்லை. படிப்பு போகிற காரணம் வேறு. அது தினமும் பன்னிரண்டு மணி நேரம் லாக்கரில் கிடக்கிறது.

லாக்கரில் இருக்கிற போன்

பெரிய கம்பெனிகளில் பல இடங்களில் உற்பத்தித் தளத்துக்குள் போன் எடுத்துப்போக முடியாது. காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் இரவு ஏழு, ராத்திரி ஷிஃப்ட் என்றால் நேர்மாறு. அதற்கு மேல் பஸ் பயணம். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டால் கண் சொருகிவிடும். இதே மாதங்களில்தான் வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகின்றன, எல்லாமே இணையத்தில், ஒவ்வொன்றும் தனித்தனித் தேதியில். பல்கலைக்கழகம், பாலிடெக்னிக்குக்கு யுபியு. பட்டப்படிப்புக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்புக்கு வேறு இடத்தில் விண்ணப்பம். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு ஆசிரியர் பயிற்சிக் கழகத்தின் விண்ணப்பம் தனி, அதற்குப் பிறகு தேர்வும் நேர்முகமும் தனி. திறன் பயிற்சி நிலையங்கள் இன்னொரு பக்கம். முன்பெல்லாம் பள்ளி ஆசிரியர் வகுப்பில் வந்து சொல்வார், தகவல் பலகையில் ஒட்டுவார்கள். இப்போது பிள்ளை பள்ளியில் இல்லை. சேதி குழுவில் வரும், இருநூறு காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்துவிடும், பார்க்கும்போது தேதி தாண்டியிருக்கும்.

பட்டணத்துப் பிள்ளைக்கு இதே தேதிகளை அப்பாவோ அக்காவோ பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒருவர் யுபியு பாரம் நிரப்பியிருப்பார். தோட்டத்து வீட்டில் பெரும்பாலும் இந்தப் பிள்ளைதான் முதல் ஆள். அதனால் நான் எந்தப் பெற்றோரிடமும் “வேலைக்கு அனுப்பாதீங்க” என்று சொல்வதில்லை. “அது வேலையில இருக்கிற நேரத்துல தேதியை யார் பாக்கிறது?” என்றுதான் கேட்கிறேன். ஒரு மாமா, ஒரு பக்கத்து வீட்டு அண்ணன், கோயில் தேவார வகுப்பு எடுக்கிற அக்கா, யாராவது ஒருவர் அந்தப் பிள்ளைக்காகப் பார்ப்பேன் என்று ஒத்துக்கொண்டால் போதும். அடையாளக் கார்டு எண்ணும் தேர்வு எண்ணும் அவரிடம் இருக்கட்டும். கடவுச் சொல்லைத் தெரியாதவர்களிடம் கொடுக்கக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், சில இடங்களில் நடப்பதைப் பார்த்துவிட்டுத்தான்.

இன்னொன்று. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் வேலைக்கு ஒரு நல்லது உண்டு: லீவு நாள் வாரத்தின் நடுவில் விழும். கெடாவில் வெள்ளியும் சனியும் அரசாங்க ஆபீஸ், பள்ளி எல்லாம் மூடிக் கிடக்கும். செவ்வாயோ புதனோ லீவு கிடைக்கிற பிள்ளை அதைத் தூங்கியே தீர்க்காமல், தூங்கி எழுந்த பிறகாவது, பள்ளிக்குப் போய் நன்னடத்தைச் சான்றிதழ், புறப்பாடச் சான்றிதழ் நகல்களுக்கு முத்திரை வாங்கலாம். தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணியைப் பார்த்து அப்பாவின் சம்பளச் சிலிப்பை வாங்கி வைக்கலாம். குடும்ப வருமானத்தைக் காட்டச் சொல்லும் எல்லா உதவிக்கும் அது வேண்டும், கடைசி நாளில் கேட்டால் கிடைக்காது. பிறப்புப் பத்திரத்தில் இருக்கிற பெயரும் அடையாளக் கார்டில் இருக்கிற பெயரும் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பெயர்களை மலாயில் எழுதும்போது ஓர் எச் கூடும், ஓர் ஏ குறையும். தேசியப் பதிவிலாகாவில் அதைத் திருத்தவும் ஒரு வார நாள்தான் வேண்டும்.

அந்த மெஷின் ஏன் நிற்கிறது

என் அபிப்பிராயத்தை இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தது ஒரு பெண்பிள்ளை. ஹார்வர்ட் தோட்டப் பக்கத்திலிருந்து வந்தவள், தன் அம்மாவோடு. யுபியு மூடப்போகிற நேரம். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள், கம்பெனிச் சட்டையோடு. தேர்வு முடிவு நடுத்தரம். மலாய், வரலாறு தேறியிருந்தாள், கணிதத்தில் நல்ல கிரெடிட். நாற்காலியில் உட்கார்ந்ததும், “எது கிடைக்குமோ அதைப் போடுங்க ஆண்ட்டி” என்றாள். இந்த வாக்கியத்தை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். இப்படிச் சொல்கிற பிள்ளைக்கு எது வேண்டும் என்பது தெரியவில்லை என்று பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். அம்மா சுவரில் சாய்ந்து நின்றார், விட்டால் தூங்கிவிடுவார் போல.

இணையம் அன்றைக்கு மெதுவாக இருந்தது, பக்கம் திறக்கிற வரைக்கும் பேச்சுக்குக் கேட்டேன்: கம்பெனியில் உனக்கு என்ன வேலை? “ஒயர் பாண்டிங்” என்றாள். அப்படி என்றால்? அவ்வளவுதான், பிள்ளை மாறிவிட்டாள். மேசையில் கிடந்த ஸ்டேப்ளர் முள்ளை எடுத்து வைத்து, இதுதான் சில்லு என்று நினைத்துக்கொள்ளுங்கள் ஆண்ட்டி என்று ஆரம்பித்தாள். சில்லில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும், வெளியே கால்கள் இருக்கும், இரண்டையும் ஒரு கம்பியால் இணைக்க வேண்டும். அந்தக் கம்பி தலைமுடியைவிட மெல்லிசு, முன்பு தங்கத்தில் இருந்தது, இப்போது அவள் வேலை பார்க்கிற வரிசையில் செம்பு. கம்பி ஒரு சின்னப் பீங்கான் ஊசிக்குள்ளே இறங்கி வரும், நுனியில் நெருப்புப் பொறி பட்டதும் உருகிக் குட்டி உருண்டையாகும், அந்த உருண்டையை மெஷின் சில்லின் மேல் அழுத்தும், பிறகு வளைத்துக்கொண்டுபோய் அடுத்த பக்கத்தில் அழுத்தி அறுக்கும். ஒரு நொடிக்குள் எத்தனையோ. கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வரிசையாக வளைவுகள். அவள் ஸ்டேப்ளர் முள்ளின் மேல் ஆள்காட்டி விரலால் அந்த வளைவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினாள்.

“என் மெஷின்ல ஒண்ணு மட்டும் அடிக்கடி நின்னுடும். ஒட்டலன்னு காட்டும். எல்லாரும் டெக்னீசியனக் கூப்பிட்டுட்டு உக்காந்துடுவாங்க. நான் ஏன் நிக்குதுன்னு கேட்டேன்” என்றாள். முதலில் அந்த டெக்னீசியன் பதில் சொல்லவில்லையாம். இரண்டாவது முறை கேட்டபோது கழற்றின பழைய ஊசியையும் புது ஊசியையும் பக்கத்தில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் காட்டினாராம். பழையதின் நுனி தேய்ந்து, அழுக்குப் படிந்து இருந்ததாம். அதற்குப் பிறகு எந்த மெஷின் எத்தனை மணிக்கு நின்றது என்று மனதிலேயே வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஏறியதும் போனில் குறித்து வைக்க ஆரம்பித்திருக்கிறாள். யாரும் சொல்லவில்லை. சூப்பர்வைசருக்கும் காட்டவில்லை. எனக்குக் காட்டினாள்: தேதி, மெஷின் எண், நேரம், பக்கத்தில் காரணம் என்று ஒரு பத்தி, பாதிக்கு மேல் கேள்விக்குறி. அந்த டெக்னீசியன் எங்கே படித்தார் என்றும் கேட்டு வைத்திருந்தாள். பாலிடெக்னிக்கில், மின்னியல் பொறியியல் டிப்ளோமா.

அம்மா நிமிர்ந்து நின்றுவிட்டார். “இதெல்லாம் வீட்ல சொன்னதே இல்லையே நீ” என்றார். “யாரு கேட்டீங்க?” என்றாள் பிள்ளை, கோபமாக இல்லை, நிஜமாகவே.

அந்த இடம்தான். எது வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அது ஒரு துறையின் பெயராக அவளிடம் இல்லை, மெஷின் ஏன் நிற்கிறது என்கிற கேள்வியாக இருந்தது. பாரத்தில் வரிசையாக ஓடுகிற படிப்புகளின் மலாய்ப் பெயர்களைப் பார்த்து எது நல்லது என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் முழிக்கும். நான் அவற்றைப் படித்துக்காட்டி, இதில் மின்னணு வரும், இதில் மோட்டார் கன்ட்ரோல் வரும், இது மெக்கட்ரோனிக் என்றால் மெஷினும் மின்சாரமும் சேர்ந்தது என்று சொல்லச் சொல்ல, அவளே வரிசைப்படுத்தினாள். எது முதலில், எது இரண்டாவது, எது வேண்டவே வேண்டாம் என்று. கூலிமில் பாலிடெக்னிக் இருப்பது அவளுக்குத் தெரியும். கம்பெனிக்குப் போகிற அதே ஊர்தானே. உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் தோன்றியிருக்கவில்லை.

அந்த வாட்ஸ்அப் செய்தி பிள்ளைகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்கிறது. இந்தப் பிள்ளை மாதக் கணக்கில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குள்தான் நின்றிருக்கிறாள், சம்பளம் வாங்கிக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு. அவளோடு நின்ற மற்ற பிள்ளைகளும்தான். வேறுபாடு என்னவென்றால் அவள் கேட்டாள், ஒருவர் பதில் சொன்னார். அதனால் கம்பெனி பஸ் ஏறும் பிள்ளைகளிடம் இப்போது நான் சொல்வது, உங்களைச் சுற்றி யார் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று பாருங்கள். மெஷினைச் சரிபார்ப்பவர், தரம் பார்ப்பவர், சரக்குக் கணக்கு வைப்பவர், சம்பளம் போடுகிற எச்.ஆர். ஆள், கேன்டீனில் இருநூறு பேர் சாப்பாட்டைத் திட்டமிடுகிற அக்கா. ஒவ்வொருவரும் எதையோ படித்துத்தான் அங்கே வந்திருக்கிறார்கள், அல்லது படிக்காமல் நீண்ட வருஷங்கள் நின்று வந்திருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒருவரைக் கேளுங்கள். நம் பிள்ளைகளுக்குப் பெரியவர்களிடம் கேள்வி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்திருக்கிறோம், அதை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வீட்டில் இருப்பவர்களே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

பையன்கள் கதை கொஞ்சம் வேறு. அவர்களில் பலர் கார் வொர்க்‌ஷாப்புக்குப் போகிறார்கள், லாரியில் கூடப் போகிறார்கள், பினாங்கில் கூட்டாளிகளோடு ரூம் எடுத்துத் தங்குகிறார்கள். சிலர் அப்பாவோடு தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கிக் குலை தூக்குகிறார்கள். வொர்க்‌ஷாப்பில் கை பழகிய பையனுக்குத் திறன் சான்றிதழ் வழி ரொம்பப் பொருத்தம். ஒன்றாம் நிலையிலிருந்து ஐந்தாம் நிலைவரை போகலாம், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது அதற்கும் மேல். “அதெல்லாம் படிப்பு வராதவனுக்கு” என்று சொந்தக்காரர்கள் சொல்கிற ஒரு வார்த்தையில் எத்தனை பையன்கள் அந்தப் பாரத்தை வாங்காமலே போயிருக்கிறார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

பக்கத்திலேயே இருக்கிற வாசல்

எங்கள் ஊரிலிருந்து செமிலிங் பக்கம் போனால் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். சுங்கை பட்டாணியில் ஆசிரியர் பயிற்சிக் கழகம், மெர்போக்கில் யுஐடிஎம் பல்கலைக்கழக வளாகம், கூலிமில் பாலிடெக்னிக், வடக்கே சங்லூனில் மெட்ரிகுலேஷன் கல்லூரி, அதற்குப் பக்கத்தில் சிந்தோக்கில் வட மலேசியப் பல்கலைக்கழகம். எல்லாமே எல்லோருக்கும் திறந்த வாசல்கள் என்று சொல்ல வரவில்லை. யுஐடிஎம் மலாய்க்காரர்களும் பூர்வகுடிகளுமான பூமிபுத்ராக்களுக்கானது, மெட்ரிகுலேஷனில் நம் பிள்ளைகளுக்கு இடம் குறைவு. எஸ்.பி.எம்.மில் 10ஏ எடுத்தால் எந்த இனமாக இருந்தாலும் மெட்ரிகுலேஷனில் இடம் என்று 2024இல் பிரதமர் அறிவித்தார். 10ஏ எடுக்கிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அதற்கு ஊரே வழி சொல்லும். நான் சொல்வது நடுத்தரமாக எடுத்த பிள்ளையைப் பற்றி.

அந்தப் பிள்ளை ஒரு லீவு நாளில் இந்த இடங்களில் ஒன்றுக்காவது போய் வர வேண்டும். பாதுகாவலரிடம் சொல்லி, பதிவு போட்டு, கேன்டீனில் ஒரு மைலோ குடித்துவிட்டு வந்தாலே போதும். யாராவது தமிழ்ப் பிள்ளை தென்பட்டால் பேச்சுக் கொடுக்கலாம், விடுதி எப்படி, சாப்பாட்டுக்கு வாரம் எவ்வளவு ஆகிறது, பிடிபிடிஎன் என்கிற அரசாங்கக் கல்விக் கடன் எப்போது கையில் வந்தது என்று. இணையத்தில் கிடைக்காத விவரமெல்லாம் அங்கேதான் கிடைக்கும். எஸ்.டி.பி.எம். தேர்வில் முடிகிற படிவம் ஆறையும் மறந்துவிடக் கூடாது. ஒன்றரை வருஷம், வீட்டிலிருந்தே போகலாம், எஸ்.டி.பி.எம். கஷ்டம் என்கிற பேச்சுக்குப் பயந்து அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். நன்றாகப் படிக்கிற, காசு இல்லாத பிள்ளைக்கு நேராகப் பட்டப்படிப்புக்குள் போக அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

சம்பளம் நின்ற பிறகு

அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. அவள் கேட்ட வரிசையில் இரண்டாவது. கடிதத்தை அச்சடிக்க அம்மாவும் பெண்ணும் வந்தார்கள், சந்தோஷமாகத்தான் வந்தார்கள், ஆனால் தாளைக் கையில் வாங்கியதும் அம்மா கேட்டது, “எப்ப வேலைய விட்டு நிக்கணும்?” என்று. படிப்புக் கட்டணத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை, அரசாங்கப் பாலிடெக்னிக்கில் அது தாங்கக்கூடியதுதான். வீட்டுக்குள் சில மாதங்களாக வந்துகொண்டிருந்த ஒரு சம்பளம் நிற்கப்போகிறது, அந்தச் சம்பளத்தை நம்பி ஒன்றிரண்டு தவணைகள் தொடங்கியாகிவிட்டது, அதுதான் அவருடைய கணக்கு. இடம் கிடைத்தும் போகாமல் நின்றுவிடுகிற பிள்ளைகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறார்கள். “ஒரு வருஷம் சம்பாதிச்சிட்டு அடுத்த வருஷம் பாக்கலாம்” என்று ஆரம்பிக்கும். அடுத்த வருஷம் மோட்டாருக்குத் தவணை இருக்கும்.

அதனால் முதல் மாதச் சம்பளம் வரும்போதே பேசிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தப் பணம் எத்தனை மாதம் வரும், அதில் எவ்வளவு வீட்டுக்கு, எவ்வளவு பிள்ளையின் பெயரில் தனியாக. பிடிபிடிஎன் கடனுக்கு விண்ணப்பிக்க எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு வேண்டும், அதை இந்த மாதங்களிலேயே திறந்துவிடலாம். கடன் பணம் கல்லூரியில் சேர்ந்த அன்றே கைக்கு வராது, முதல் சில வாரங்களுக்குப் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கையில் இருந்தாக வேண்டும். புதுத் தவணை எதுவும் பிள்ளையின் சம்பளத்தை நம்பி எடுக்க வேண்டாம். போன் வாங்கட்டும், முழுப் பணம் கொடுத்து வாங்கட்டும். இந்தப் பேச்சை அப்பா அம்மா பிள்ளையிடம் பேசத் தயங்குகிறார்கள், பிள்ளையின் காசைக் கேட்பது போல் ஆகிவிடும் என்று. பிள்ளைகளோ வீட்டில் கேட்காமலே எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறார்கள்.

ஊர்ப் பெரியவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நம் கோயில்களிலும் சங்கங்களிலும் ஒவ்வொரு வருஷமும் பரிசளிப்பு நடக்கிறது. ஏ எண்ணிக்கைப்படி மேடைக்குக் கூப்பிட்டுக் கேடயம், மாலை, ஒரு கவர். நல்ல காரியம், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் எட்டு ஏ, ஒன்பது ஏ எடுத்த பிள்ளை எப்படியும் போய்விடும். கம்பெனியை விட்டுவிட்டு டிப்ளோமாவுக்கோ திறன் பயிற்சிக்கோ படிவம் ஆறுக்கோ போகத் துணிகிற பிள்ளையை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. கேடயத்துக்குச் செலவாகிற பணத்தில் ஒரு பங்கை எடுத்து, அப்படிச் சேருகிற சில பிள்ளைகளுக்கு முதல் பருவம் முடிகிறவரை மாதாமாதம் பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் கொடுங்கள். பட்டியல் வேண்டுமென்றால் என் கடைக்கு வாருங்கள். எந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்து, இன்னும் வேலையை விடாமல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர்களிடமும் வீட்டிலும் கேட்டுக்கொண்டு சொல்கிறேன். இந்த வருஷக் கூட்டத்தில் தேதி குறிப்பதற்கு முன்னால் வந்தால் நல்லது, பாலிடெக்னிக் சேர்க்கை நாள் பரிசளிப்புக்கு முன்பே வந்துவிடும்.